நிற்காத ஓட்டமும் தளரக்கூடிய சுழற்சியும்

சென்னையிலிருந்து நேர்கிழக்கே கப்பலில் சென்று வங்காள விரிகுடாவின் நடுப்பகுதியில் நீரைக் கையால் அளைந்து பார்த்தால், ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் அது 28 பாகை செல்சியஸை ஒட்டிய வெதுவெதுப்புடன் இருக்கும். அதே இடத்தில் 3,000 மீட்டர் ஆழத்தில் இருக்கும் நீரின் வெப்பநிலை 2 பாகை அளவுதான்; வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் உட்புறத்தைவிடக் குளிர்ந்த நீர் அது. ஆண்டு முழுவதும் வெயில் காயும் ஒரு கடலின் அடியில் இந்தக் குளிர் எப்படி வந்தது என்ற கேள்வியிலிருந்துதான் கடலோட்டத்தைப் பற்றிய விளக்கம் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். மேலிருந்து சூரியன் அந்த நீரைச் சூடாக்குகிறது. அடியிலிருந்து புவியின் உள்வெப்பமும், மிகச் சிறிய அளவில் என்றாலும், சூடாக்குகிறது. இரு பக்கமும் சூடு ஏறும் பாத்திரத்தில் பனிக்குளிர் நீர் நிற்கிறது என்றால் அது அங்கேயே உண்டானதாக இருக்க முடியாது. வேறெங்கோ குளிர்ந்து, அமிழ்ந்து, ஊர்ந்து வந்து சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தக் குளிரை முதன்முதலில் அளந்து எழுதிவைத்தவர்களுள் ஒருவர் ஹென்றி எல்லிஸ் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவர். 1751இல், அடிமை வணிகத்தில் ஈடுபட்டிருந்த தம் கப்பல் வட அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான பகுதியில் சென்றுகொண்டிருந்தபோது, அவர் ஒரு வாளியைக் கயிற்றில் கட்டி ஆழத்துக்கு இறக்கினார். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் வடிவமைத்துக் கொடுத்த அந்த வாளியின் மேலும் கீழும் இரண்டு மூடிகள் உண்டு; இறங்கும்போது அவை திறந்து நீரை ஊடே விடும், மேலே இழுக்கும்போது மூடிக்கொண்டு ஆழத்து நீரை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். மேற்பரப்பு நீர் ஃபாரன்ஹீட் அளவையில் 84 பாகை இருந்தபோது, ஆழத்திலிருந்து வந்த நீர் 53 பாகை இருந்தது. குளிப்பதற்கும் மதுவைக் குளிரவைப்பதற்கும் அந்த நீர் மிகவும் உதவியது என்று எல்லிஸ் குறித்திருக்கிறார். அதே அளவீட்டை வைத்து, 1790களின் இறுதியில், ரம்ஃபர்டு பிரபு எனப்பட்ட பெஞ்சமின் தாம்சன் மேலே சொன்ன தருக்கத்தை எழுதினார். துருவப் பக்கம் குளிர்ந்த நீர் அமிழ்ந்து கடலடி வழியாக வெப்பமண்டலத்தை நோக்கி நகர்கிறது. அதை ஈடுசெய்ய மேற்பரப்பில் எதிர்த்திசையில் ஓட்டம் இருந்தே தீர வேண்டும் என்பது அவர் முடிவு. கப்பலேறி அளக்காத ஒருவர் ஒரே ஓர் எண்ணிலிருந்து கடலின் ஒட்டுமொத்த அமைப்பை ஊகித்தது அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வுகளில் ஒன்று.

இன்று செய்திகளில் கடலோட்டம் இடம்பெறும் விதம் வேறு. "வளைகுடா நீரோட்டம் நின்றுவிடப் போகிறது, ஐரோப்பா உறைந்துவிடும்" என்ற தலைப்பு சில மாதங்களுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு வடிவில் வருகிறது. அந்த வாக்கியத்தில் இரண்டு தனித்தனிச் செய்திகள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. காற்று தள்ளுவதால் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோரமாக ஓடும் வளைகுடா நீரோட்டம் ஒன்று. நீரின் குளிராலும் உப்பாலும் உண்டாகும் மேல்கீழ்ச் சுழற்சி மற்றொன்று. இரண்டும் அட்லாண்டிக்கின் சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுவதால் குழப்பம் இயல்புதான். ஆனால் முதலாவது நிற்கப் போவதில்லை, கவலைக்குரியது இரண்டாவதே. இதைப் பிரித்துப் பார்க்காமல் காலநிலையில் கடலின் பங்கைப் புரிந்துகொள்ள முடியாது.

காற்று தள்ளும் ஓட்டம்

வளைகுடா நீரோட்டத்தின் முதல் அச்சிட்ட வரைபடம் ஓர் அஞ்சல் சிக்கலால் பிறந்தது. இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வரும் அஞ்சல் கப்பல்கள் வணிகக் கப்பல்களைவிட வாரக்கணக்கில் தாமதமாக வருவது ஏன் என்ற புகார், அப்போது குடியேற்ற நாடுகளின் அஞ்சல் துறைப் பொறுப்பில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளினிடம் வந்தது. அவர் தம் உறவினரும் திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவருமான டிமோதி ஃபோல்ஜரைக் கேட்டார். அஞ்சல் கப்பல்கள் எதிரோட்டத்திலேயே வருகின்றன, விலகிச் செல்லுமாறு நாங்கள் சொன்னாலும் கேட்பதில்லை என்றார் ஃபோல்ஜர். திமிங்கிலங்கள் அந்த ஓட்டத்தின் ஓரங்களில்தான் கிடைக்கும், ஆகவே வேட்டைக்காரர்களுக்கு அதன் எல்லை அத்துப்படி. அவர் வரைந்து காட்டியதை வைத்து 1770ஐ ஒட்டி வரைபடம் அச்சானது.

அந்த ஓட்டம் ஏன் அங்கே இருக்கிறது என்று விளக்க மேலும் நெடுங்காலம் ஆயிற்று. வெப்பமண்டலத்தில் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசுகிறது. மத்திய அட்சங்களில் மேலைக்காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. நீர் காற்றின் திசையிலேயே செல்லும் என்று தோன்றும்; ஆனால் சுழலும் புவியின் மேல் அப்படி நடப்பதில்லை. நார்வேயின் துருவ ஆய்வுப் பயணி ஃபிரித்யோஃப் நான்சென் தம் 'ஃபிராம்' கப்பலை 1893 முதல் 1896 வரை வடதுருவப் பனியில் உறையவிட்டு மிதந்தபோது, பனிப்பாளங்கள் காற்றின் திசைக்கு வலப்புறமாக விலகி நகர்வதைக் கவனித்தார். சுவீடனைச் சேர்ந்த வாக்ன் எக்மான் அதற்குக் கணித விளக்கம் தந்தார்: புவியின் சுழற்சியால், வட அரைக்கோளத்தில் மேலடுக்கு நீரின் மொத்த நகர்வு காற்றுக்கு வலப்புறமாகச் செங்கோணத்தில் அமைகிறது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது கேரளக் கரையிலும் கன்னியாகுமரிப் பக்கத்திலும் மேல்நீர் கரையைவிட்டு விலக, அடியிலிருந்து குளிர்ந்த சத்துள்ள நீர் எழுவதும், அதைத் தொடர்ந்து மத்தி மீன் பெருகுவதும் இதே விதியின் வேலைதான்.

இப்படி இரண்டு காற்று மண்டலங்களும் சேர்ந்து ஒவ்வொரு பெருங்கடலிலும் ஒரு மாபெரும் வட்டச் சுழலை உண்டாக்குகின்றன. அச்சுழல் நடுவில் இல்லாமல் மேற்குக் கரையில் ஒடுங்கி, அங்கே மட்டும் குறுகலாகவும் வேகமாகவும் ஓடுவதற்குக் காரணத்தை 1948இல் அமெரிக்கக் கடலியலாளர் ஹென்றி ஸ்டோமெல் காட்டினார். புவிச்சுழற்சியின் விளைவு நிலநடுக்கோட்டிலிருந்து துருவத்தை நோக்கிச் செல்லச் செல்லக் கூடுகிறது. அந்த வேறுபாடே ஓட்டத்தை மேற்கே ஒதுக்குகிறது. வட அட்லாண்டிக்கில் வளைகுடா நீரோட்டம், ஜப்பானையொட்டிக் குரோஷியோ, தென்னாப்பிரிக்காவையொட்டி அகுல்லாஸ் ஆகிய மூன்றும் மேற்குக் கரையில் இருப்பது தற்செயல் இல்லை. காற்று வீசும் வரை, புவி சுழலும் வரை, இவை ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

உப்பும் குளிரும் செய்யும் வேலை

மேல்கீழ்ச் சுழற்சியைப் புரிந்துகொள்ள ஒரு சோதனை போதும், சமையலறையிலேயே செய்துவிடலாம். பீட்ரூட் சாறு கலந்த நீரைப் பனிக்கட்டிகளாக உறையவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் அறை வெப்பநிலையில் உள்ள நீரை நிரப்பி, ஒன்றில் மட்டும் இரண்டு மூன்று கரண்டி உப்பைப் போட்டுக் கரையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புக் கட்டியை மெதுவாக விடுங்கள். உப்பில்லாத தம்ளரில், உருகிய குளிர்நீர் சிவப்பு நூல்களாக அடிக்கு இறங்குவதைப் பார்க்கலாம். உப்புத் தம்ளரில் அந்தச் சிவப்பு இறங்காது. உருகிய நீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால் மேலே ஒரு படலமாகத் தேங்கி நிற்கும். கட்டி உருகவும் அங்கே அதிக நேரம் பிடிக்கும். வட அட்லாண்டிக்கைப் பற்றி அறிவியலாளர்கள் அஞ்சுவது முழுவதும் இந்த இரண்டாவது தம்ளரில் இருக்கிறது.

கடல்நீரின் அடர்த்தியை முடிவு செய்பவை வெப்பமும் உப்பும். குளிர்ந்தால் கனம் கூடும். உப்பு ஏறினால் கனம் கூடும். நன்னீர் 4 பாகைக்குக் கீழே போனால் மறுபடி இலேசாகத் தொடங்கும்; கடல்நீர் அப்படியல்ல, உறையும் வரை கனத்துக்கொண்டே போகும். வெப்பமண்டல அட்லாண்டிக்கிலிருந்து வடக்கே செல்லும் நீர் வழியெல்லாம் ஆவியாகி உப்பு மிகுந்ததாக இருக்கிறது. அந்த ஆவியின் ஒரு பகுதியை வியாபாரக் காற்று குறுகலான மத்திய அமெரிக்க நிலத்தைத் தாண்டிப் பசிபிக்கில் மழையாகப் பொழிந்துவிடுவதால், அட்லாண்டிக் பசிபிக்கைவிட உவர்ப்பான கடலாக நிலைத்திருக்கிறது. கிரீன்லாந்து, ஐஸ்லாந்துப் பக்கம் குளிர்காலக் காற்று அந்த உவர்நீரின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ள, அது கனத்து ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு அமிழ்ந்து, அமெரிக்கக் கண்டத்தின் கிழக்கு ஓரத்தை ஒட்டித் தெற்கே செல்கிறது. வட பசிபிக்கிலும் அதே குளிர் உண்டு, ஆனால் போதிய உப்பு இல்லை. அங்கே இவ்வாறான ஆழ்ந்த அமிழ்வும் இல்லை.

இந்த ஆழ்கடல் ஓட்டம் ஏட்டளவில் முதலில் கணிக்கப்பட்டுப் பிறகே கண்டுபிடிக்கப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். வளைகுடா நீரோட்டத்தின் அடியில் எதிர்த்திசையில் ஓர் ஓட்டம் இருக்க வேண்டும் என்று ஸ்டோமெல் எழுதியிருந்தார். பிரிட்டனின் ஜான் சுவாலோ, சாரக் கட்டுமானத்துக்கான அலுமினியக் குழாய்களை வாங்கி, குறிப்பிட்ட ஆழத்தில் மிதக்கும்படி எடையைச் சரிசெய்து, ஒலி எழுப்பும் கருவியை உள்ளே வைத்துக் கடலில் விட்டார். 1957இல் தென் கரோலினாவுக்கு அப்பால் அக்குழாய்கள் தெற்கு நோக்கி நகர்ந்தன.

பருவநிலை பற்றி எழுதுவோர் பலரும் அமிழ்வதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். ஆனால் அமிழ்ந்த நீரை யாராவது மேலே ஏற்றாவிட்டால் ஆழம் குளிர்நீரால் நிரம்பி எல்லாம் ஓய்ந்துபோகும். ஏற்றும் வேலையை இரண்டு செய்கின்றன. கடலடி மலைத்தொடர்களில் மோதும் ஏற்றவற்ற ஓட்டங்கள் ஆழ்நீரைக் கலக்கி, மேலுள்ள வெப்பத்தைச் சிறிது சிறிதாகக் கீழே இறக்கி, அந்த நீரை இலேசாக்குகின்றன. அதைவிட முக்கியமாக, அண்டார்டிகாவைச் சுற்றி எந்த நிலமும் தடுக்காமல் வீசும் கடும் மேலைக்காற்று மேல்நீரை வடக்கே தள்ள, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து நீர் சரிந்து ஏறி வருகிறது. ஆகவே 'காற்றோட்டம்', 'அடர்த்தியோட்டம்' என்று நான் மேலே பிரித்ததைக் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது: மேல்கீழ்ச் சுழற்சிக்கும் காற்றின் தோள் தேவைப்படுகிறது, ஆனால் அந்தக் காற்று வீசுவது பூமியின் மறுகோடியில்.

அமெரிக்க அறிவியலாளர் வாலஸ் புரோக்கர் 1987இல் இந்த முழு அமைப்பையும், தொழிற்சாலைகளில் பொருள்களை ஏற்றி நகர்த்தும் நாடாவைப்போல, ஒரு மாபெரும் சுமைப்பட்டையாக வரைந்து காட்டினார். அந்தப் படம் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. நாடா போல ஒரே பாதையில், ஒரே வேகத்தில் நீர் ஓடுவதாக அது தரும் எண்ணம் தவறானது. உண்மையில் சுழிகளும் கிளைகளும் நிறைந்த, பருவத்துக்குப் பருவம் மாறும் ஓட்டம் அது. ஆயினும் தொலைவிலுள்ள கடல்கள் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை மக்கள் மனத்தில் பதியவைத்தது அந்தப் படம்தான் என்பதால், அதன் மேல் எனக்கு மதிப்பு உண்டு.

வெப்பம் எங்கே போகிறது

கடலோட்டத்தை அளக்கும் அலகு ஸ்வெர்ட்ரப்: விநாடிக்கு 10 லட்சம் கன மீட்டர். உலகின் எல்லா ஆறுகளும் சேர்ந்து கடலில் கொட்டும் நீர் ஏறத்தாழ 1.2 ஸ்வெர்ட்ரப். அட்லாண்டிக்கின் மேல்கீழ்ச் சுழற்சி 26.5 பாகை வட அட்சத்தில் சராசரியாக 17 ஸ்வெர்ட்ரப் அளவில் இருக்கிறது. 93.47 டிஎம்சி கொள்ளும் மேட்டூர் அணை முற்றிலும் வறண்டு கிடந்தால், அதை நிரப்ப இந்தச் சுழற்சிக்குச் சுமார் இரண்டரை நிமிடம் போதும். அந்த அட்சத்தைக் கடந்து வடக்கே போகும் வெப்பம் 1.2 பெட்டாவாட்டை ஒட்டியது. மனிதகுலம் முழுவதும் எரிக்கும் எரிபொருளும் பயன்படுத்தும் மின்சாரமும் சேர்ந்த அளவைப்போல ஏறக்குறைய 60 மடங்கு.

இதனால்தான் ஐரோப்பாவின் குளிர்காலம் மிதமாக இருக்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். அது முழு உண்மை இல்லை. லண்டனுக்கு நேர் அட்சத்தில் உள்ள கனடாவின் லாப்ரடார் பகுதி குளிர்காலத்தில் உறைந்து கிடக்கிறது என்பது சரி. ஆனால் அதேபோல் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சியாட்டிலும் வான்கூவரும், அருகே ஆழ்ந்த அமிழ்வு எதுவும் இல்லாமலேயே, எதிர்க்கரையிலுள்ள சைபீரியாவைவிட எவ்வளவோ மிதமாக இருக்கின்றன. மேலைக்காற்று கடலைக் கடந்து வரும் கரைக்குக் கோடையில் கடல் சேர்த்துவைத்த வெப்பம் கிடைக்கிறது, கண்டத்தைக் கடந்து வரும் கரைக்குக் கிடைப்பதில்லை. கடலோட்டத்தின் பங்கு இந்தக் காற்றின் பங்குக்கு மேல் சேர்வது.

அட்லாண்டிக்கின் தனித்தன்மை வேறிடத்தில் இருக்கிறது. மற்றப் பெருங்கடல்கள் நிலநடுக்கோட்டின் வெப்பத்தை இருபுறமும் பகிர்ந்தளிக்கும்போது, அட்லாண்டிக் தென் அரைக்கோளத்தின் வெப்பத்தையும் எடுத்து, நிலநடுக்கோட்டைக் கடந்து வடக்கே தருகிறது. வட அரைக்கோளம் தென் அரைக்கோளத்தைவிடச் சற்று வெப்பமாக இருப்பதற்கும், வெப்பமண்டல மழைப்பட்டை சராசரியாக நிலநடுக்கோட்டுக்கு வடக்கே அமைந்திருப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். மழைப்பட்டை எப்போதும் வெப்பம் மிகுந்த பக்கம் சாயும். ஆகவே அட்லாண்டிக்கின் சுழற்சி தளர்ந்தால் வடக்கே குளிர்வது விளைவின் ஒரு பாதிதான். தெற்கே வெப்பம் தேங்கி மழைப்பட்டை தெற்கு நோக்கி இறங்குவது மறுபாதி. ஐரோப்பாவின் குளிரைப் பற்றி எழுதப்படுவதில் பத்தில் ஒரு பங்குகூட இந்த மறுபாதியைப் பற்றி எழுதப்படுவதில்லை என்பது என் வருத்தம். ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியிலும் தெற்காசியாவிலும் கோடிக்கணக்கான மக்கள் அந்த மழையை நம்பித்தான் விதைக்கிறார்கள்.

இது வெறும் கணினிக் கணிப்பு இல்லை, நடந்து பார்த்தது. கடைசிப் பனியூழி முடிந்து உலகம் சூடேறிக்கொண்டிருந்தபோது, 12,900 ஆண்டுகளுக்கு முன்பு, வட அட்லாண்டிக்கைச் சுற்றிய நிலங்கள் திடீரெனக் கடுங்குளிருக்குத் திரும்பி, ஏறத்தாழ 1,200 ஆண்டுகள் அப்படியே இருந்தன. இளைய டிரையாஸ் என்று பெயரிடப்பட்ட அந்தக் காலத்துக்குக் காரணமாகப் பெரும்பாலோர் கருதுவது, வட அமெரிக்கப் பனிவிரிப்பு உருகிய நன்னீர் கடலில் பாய்ந்து அமிழ்வைத் தடுத்தது என்பதே. அதே நூற்றாண்டுகளில் ஆசியப் பருவமழை மெலிந்ததை, சீனாவின் ஹுலு குகையிலும் மேகாலயத்தின் மாம்லூ குகையிலும் சொட்டுச் சொட்டாக வளர்ந்த சுண்ணக் கற்கள் தம் அடுக்குகளில் பதிந்து வைத்திருக்கின்றன.

அமிழ்வு ஏன் படிப்படியாகத் தளராமல் சரிந்துவிடக்கூடும் என்பதற்கு 1961இல் அதே ஸ்டோமெல் ஓர் எளிய விளக்கம் தந்தார். சுழற்சி ஓடினால்தான் தெற்கிலிருந்து உப்பு வடக்கே வரும். உப்பு வந்தால்தான் நீர் அமிழும். அமிழ்ந்தால்தான் சுழற்சி ஓடும். இந்த வட்டம் தன்னைத்தானே தாங்கிக்கொள்கிறது. அதில் ஒரு கண்ணி பலவீனமானால், வட்டம் மறுபக்கம் திரும்பி, தளர்ச்சியையே வளர்க்கும். ஓர் எல்லைக்கு அப்பால் நன்னீர் சேர்ந்தால் அமைப்பு வேறொரு நிலைக்குத் தாவிவிடும். பிறகு நன்னீரைக் குறைத்தாலும் உடனே பழைய நிலைக்கு மீளாது.

இருபது ஆண்டுக் கணக்கு

இப்போது அது தளர்கிறதா? இந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்வதில் உள்ள ஆபத்தை ஒரு நிகழ்வு நன்றாகக் காட்டும். 2005 டிசம்பரில் ஹாரி பிரைடனும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1957, 1981, 1992, 1998, 2004 ஆகிய ஐந்து ஆண்டுகளில் கப்பல்கள் அட்லாண்டிக்கைக் குறுக்கே கடந்து எடுத்த அளவுகளை ஒப்பிட்டு, சுழற்சி ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருப்பதாக அது கூறியது. உலகெங்கும் பரபரப்பு எழுந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான், புளோரிடாவிலிருந்து மொராக்கோவுக்கு அப்பால் வரை, 26.5 பாகை அட்சத்தில், 'ராபிட்' என்ற நிலையான அளவீட்டு வரிசை கடலில் நிறுவப்பட்டிருந்தது. அதன் முதல் ஓராண்டுத் தரவு வந்தபோது, சுழற்சி அந்த ஒரே ஆண்டுக்குள் 4 ஸ்வெர்ட்ரப் முதல் 35 ஸ்வெர்ட்ரப் வரை ஏறி இறங்கியிருந்தது தெரியவந்தது. ஐந்து கப்பல் பயணங்கள் கண்ட வேறுபாடு முழுவதும் ஒரே ஆண்டின் ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிவிடக்கூடியது. பிரைடனின் ஆய்வில் அளவுப் பிழை இருக்கவில்லை. ஐந்து நாடிப் பிடிப்புகளை வைத்து அரை நூற்றாண்டு உடல்நலத்தைச் சொல்ல முடியாது என்பதுதான் பிரச்சினை. ராபிட் வரிசையை அமைத்தவர்களில் அவரும் ஒருவர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

அந்த வரிசை இயங்கும் முறை எளிமையானது. கடலடியில் கனமான எடையை நிறுத்தி, அதிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் நீளும் கம்பியை மிதவைகளால் நிமிர்த்தி நிறுத்துகிறார்கள். கம்பி நெடுக வெப்பம், உப்பு, அழுத்தம் ஆகியவற்றை அளக்கும் கருவிகள் கட்டப்பட்டிருக்கின்றன. கடலின் இரு கரையிலும் அடர்த்தி தெரிந்தால், இடையில் ஓடும் நீரின் அளவைக் கணக்கிட்டுவிடலாம். புளோரிடா நீரிணையில் மட்டும் இன்னும் நூதனமான வழி ஒன்று இருக்கிறது. உப்புநீர் மின்கடத்தி, அது புவியின் காந்தப்புலத்தினூடே ஓடும்போது, பஹாமா தீவுக்குச் செல்லும் பழைய கடலடித் தொலைபேசிக் கம்பியில் ஒரு சிறு மின்னழுத்தம் உண்டாகிறது. அதை 1982 முதல் அளந்து ஓட்டத்தைக் கணித்துவந்திருக்கிறார்கள். அங்கே ஓட்டம் படிப்படியாகக் குறைவதுபோலத் தோன்றியது. புவியின் காந்தப்புலமே மெல்ல மாறிவருவதைக் கணக்கில் சேர்த்துத் திருத்தியபோது, 2024இல் வெளியான ஆய்வு, நாற்பது ஆண்டுகளாக அது பெரும்பாலும் நிலையாகவே இருப்பதாகக் காட்டியது.

2009-10 குளிர்காலத்தில் ராபிட் வரிசை காட்டிய சுழற்சி சராசரியைவிட 30 விழுக்காடு குறைந்தது. அந்தக் காலத்தில் நியூயார்க்குக்கு வடக்கேயுள்ள கரையில் கடல்மட்டம் 10 சென்டிமீட்டருக்கும் மேல் உயர்ந்தது. பின்னர் சுழற்சி பெருமளவு மீண்டது. நேரடி அளவீடு இல்லாத முந்தைய காலத்துக்கு மறைமுகச் சான்றுகளைத்தான் நாட வேண்டியிருக்கிறது. உலகமே சூடேறும்போது கிரீன்லாந்துக்குத் தெற்கே ஒரு கடற்பகுதி மட்டும் சூடேறாமல் நிற்பதை வைத்து, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சுழற்சி சுமார் 15 விழுக்காடு தளர்ந்திருப்பதாக 2018இல் ஓர் ஆய்வுக் குழு கணித்தது. கடலுக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்பப் பரிமாற்றத்தை வைத்து 2025இல் வந்த வேறோர் ஆய்வு, கடந்த அறுபது ஆண்டுகளில் தளர்ச்சி இல்லை என்கிறது. இரண்டும் நேர்மையான ஆய்வுகள்தான்.

எதிர்காலம் குறித்த கருத்து வேறுபாடு இன்னும் கூர்மையானது. நூற்றாண்டின் இறுதிக்குள் சுழற்சி தளர மிகுந்த வாய்ப்பு உண்டு என்றும், 2100க்கு முன் திடீரெனச் சரியாது என்பதில் நடுத்தர நம்பிக்கையே உண்டு என்றும் காலநிலை மாற்றம் குறித்த ஐ.நா. அறிவியல் குழுவான ஐபிசிசி 2021இல் எழுதியது. 'நடுத்தர நம்பிக்கை' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரு பாலத்தைப் பற்றி எந்தப் பொறியாளராவது அப்படிச் சொன்னால் நாம் அதில் வண்டி ஓட்ட மாட்டோம். 2023இல் டென்மார்க்கைச் சேர்ந்த இருவர் இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டியே சரிவு வரலாம் என்று கணித்தார்கள். அவர்களுடைய முறை கடுமையாக விமர்சிக்கப்பட்டது. 2024 அக்டோபரில் 44 அறிவியலாளர்கள், இந்த அபாயம் குறைத்து மதிப்பிடப்படுகிறது என்று நார்டிக் நாடுகளின் அமைச்சர் மன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அடுத்த ஆண்டே வந்த ஒரு விரிவான மாதிரி ஒப்பீடு, தென் பெருங்கடலின் காற்று நீரை ஏற்றிக்கொண்டே இருப்பதால், கடுமையான சூடேற்றத்திலும் சுழற்சி மெலிந்த வடிவில் தொடரும் என்றது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில் என் மதிப்பீடு இது: தளர்ச்சி வரும் என்பதில் ஐயத்துக்கு அதிக இடமில்லை, முழுச் சரிவு இந்த நூற்றாண்டில் வராமல் போகலாம், ஆனால் வந்தால் விளையும் சேதம் அவ்வளவு பெரிது என்பதால், சிறிய வாய்ப்பையும் சிறியது என்று ஒதுக்க முடியாது. கிரீன்லாந்து 2002 முதல் ஆண்டுக்குச் சராசரியாக 25,000 கோடி டன்னுக்கும் மேல் பனியை இழந்துவருகிறது. ஸ்வெர்ட்ரப் கணக்கில் அது நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. எனினும் அது விழுவது அமிழ்வு நடக்கும் இடத்துக்கு மிக அருகில். பீட்ரூட் படலத்துக்கும் தம்ளர் நிறைய நீர் தேவைப்படவில்லை.

நம் கரையோரத்து மூடி

நன்னீர் மூடி என்ன செய்யும் என்று பார்க்கக் கிரீன்லாந்துக்குப் போக வேண்டியதில்லை. வங்காள விரிகுடாவில் கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் நீரும் பருவமழையும் சேர்ந்து மேற்பரப்பை இலேசாக்கிவிடுகின்றன. காற்று எவ்வளவு அடித்தாலும் அந்த இலேசான அடுக்கு அடியிலுள்ள குளிர்நீரோடு எளிதில் கலப்பதில்லை. அரபிக்கடல் தென்மேற்குப் பருவக்காற்றில் கலங்கிக் குளிர்ந்துவிடும்போது விரிகுடா சூடாகவே இருப்பதற்கும், அங்கே புயல்கள் அதிகமாகப் பிறந்து வலுப்பதற்கும் இது ஒரு காரணம். அதே மூடி காற்றிலுள்ள ஆக்சிஜன் ஆழத்துக்கு இறங்குவதையும் தடுக்கிறது. விரிகுடாவின் நடு ஆழங்களில் ஆக்சிஜன் மிகக் குறைந்த ஓர் அடுக்கு பரந்து கிடக்கிறது.

வடக்கே ஆசியா அடைத்துக்கொண்டிருப்பதால் இந்தியப் பெருங்கடலுக்கு அட்லாண்டிக்கைப்போல வடக்கில் அமிழ்வு கிடையாது. அதற்குப் பதிலாக, வேறெந்தப் பெருங்கடலிலும் இல்லாதபடி, அதன் மேல் ஓட்டமே ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது. தென்மேற்குப் பருவத்தில் இலங்கைக்குத் தெற்கே கிழக்கு நோக்கி ஓடும் நீர், வாடைக்காற்று எழுந்ததும் மேற்கு நோக்கித் திரும்புகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் ஆந்திர, தமிழகக் கரைகளை ஒட்டித் தெற்கே இறங்கி, இலங்கையைச் சுற்றி அரபிக்கடலை அடைகிறது. நம் மீனவர்கள் காற்றுக்குப் பெயர் வைத்ததுபோலவே ஓட்டத்தின் திசைக்கும் பெயர் வைத்து, அதைப் பார்த்தே வலை இறக்குகிறார்கள். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் இந்தக் கடலின் ஓட்டங்களைக் கணித்து அவர்களுக்கு அறிவிக்கிறது. அதற்கு உதவும் ஆர்கோ மிதவைகள், உலகெங்கும் சுமார் 4,000 இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் ஒன்பது நாள் மிதந்து, 2,000 மீட்டர் வரை இறங்கி, பத்தாம் நாள் வழிநெடுக அளந்துகொண்டே மேலே வந்து, செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு மறுபடி அமிழ்கிறது.

அரை நூற்றாண்டாகப் பசுங்குடில் வாயுக்கள் புவியில் தேக்கிய கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடலுக்குள் போயிருக்கிறது என்பது இந்த மிதவைகளும் கப்பல்களும் தந்த கணக்கு. காற்றுமண்டலம் முழுவதற்கும் உள்ள வெப்பக் கொள்திறன், கடலின் மேல் இரண்டரை மீட்டருக்கு உள்ளதுதான். எஞ்சிய ஆழத்துக்கு வெப்பத்தைக் கொண்டு சேர்ப்பது சுழற்சியே. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கையும் அதே கடல் வாங்கிக்கொள்கிறது. மேல்நீர் சூடேறி இலேசாகும் அளவுக்கு இந்த வாங்கும் திறனும் மட்டுப்படும்.

தொடக்கத்தில் சொன்ன 2 பாகை நீருக்கு வருவோம். அதன் பெரும்பகுதி அண்டார்டிகாவைச் சுற்றிய கடல்களிலிருந்து வந்தது. அங்கே கடல் உறையும்போது பனி உப்பை வெளியே தள்ளிவிடுவதால் எஞ்சிய நீர் உறைநிலைக் குளிரோடும் கூடுதல் உப்போடும் கனத்து அடிக்கு வழிகிறது. அது ஊர்ந்து, கலந்து, விரிகுடாவின் தரையை வந்தடையப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. சென்னைக்குக் கிழக்கே இன்று கிடக்கும் ஆழ்நீரில் ஒரு பகுதி, சோழர் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலத்தில் கடைசியாகக் காற்றைத் தொட்டதாக இருக்கலாம். அண்டார்டிகாவின் விளிம்பில் இப்போது அமிழும் நீர், சில பத்தாண்டுகளுக்கு முன் அமிழ்ந்ததைவிட வெப்பம் கூடியதாகவும் பல இடங்களில் உப்புக் குறைந்ததாகவும் அளவும் சுருங்கியும் இருப்பதைக் கப்பல்கள் அளந்திருக்கின்றன. அந்த நீர் புறப்பட்டுவிட்டது. வடக்கு நோக்கிக் கடலடியில் வந்துகொண்டிருக்கிறது.